கடைசிப் புளிச்சான் கொடி

அண்ணே,

நேற்று வீட்டுக் கூரையைப் பிரித்து மேய்ந்தோம். மக்கிப்போன பழைய கீற்றைத் தள்ளும்போது விட்டத்து இடுக்கிலிருந்து ஒரு துணி முடிச்சு விழுந்தது. எலி கடித்த துணி. அவிழ்த்துப் பார்த்தால் உங்கள் பித்தளைக் காவல் வில்லை. பச்சைக் களிம்பு ஏறி, அரண்மனை முத்திரை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. என் மகள் வாங்கிப் பார்த்துவிட்டு, "புளி போட்டுத் தேச்சா வெளுத்துரும்ப்பா" என்று சொல்லி ஒரு கொட்டைப்பாக்கு அளவு புளியை எடுத்துக் கொடுத்தாள். வாசலில் உட்கார்ந்து சாம்பலும் புளியுமாகத் தேய்த்தேன். பித்தளை வெளுக்க வெளுக்க விரலில் ஒரு நெடி ஏறியது. புளிச்சான் கொடியைக் கணுவில் ஒடித்தால் வருமே, பச்சையாக, பல் கூசுகிற மாதிரி, அதே நெடி. அதற்கு மேல் என்னால் தேய்க்க முடியவில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்தாலும் இதை யாராவது படித்துத்தான் காட்ட வேண்டும். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். ஐந்தாவது வரை படித்தவள். இதை அவளை வைத்துக்கொண்டு சொல்வதா, சந்தையில் மனு எழுதுகிறவரிடம் போய்ச் சொல்வதா என்று காலையிலிருந்து யோசித்தேன். அவளுக்குத் தெரியாமல் சொன்னால் அது இன்னொரு ஒளிவு. ஒளித்தது போதும்.

நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் கடைசிக் கொடி எப்படிப் போயிற்று என்பதை நான் உங்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நம் முதல் பேச்சே சண்டை. அப்போது சமஸ்தானம் இருந்தது. அன்னவாசலுக்கு மேற்கே அந்தச் செம்பாறைக் காடு முழுவதும் அரண்மனைக்குச் சொந்தம். மகாராஜா வேட்டைக்கு வருவார் என்பார்கள். நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நான் பார்த்தது காட்டுக்குக் காவல் நின்ற உங்களைத்தான். காக்கிச் சட்டை, குறுக்கே சிவப்பு வார், வாரின் நடுவில் இந்த வில்லை. என் ஆடுகள் எல்லைக் கல்லைத் தாண்டிவிட்டன என்று என் தொரட்டிக் கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தீர்கள்.

"என்னங்கண்ணே, தாண்டுனது ஆடு. கம்பு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டேன்.

"ஆட்டுக்கு அறிவு இல்ல. கம்பு வச்சிருந்தவனுக்காச்சும் இருக்கான்னு பாத்தேன். ஒன் ஆடு திங்காம விட்டது இந்தக் காட்டுல நீயும் நானுந்தான்டா. இன்னங் கொஞ்சம் விட்டா எம் மீசையையும் மேஞ்சுரும்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் உங்கள் மீசையைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். அது உண்மையிலேயே சூரைப் புதர் மாதிரிதான் இருந்தது.

பிறகு சமஸ்தானம் போன வருஷம் வந்தது. இனிமேல் ராஜா இல்லை, எல்லாம் சர்க்கார் என்று சந்தையில் தமுக்கு அடித்தார்கள். காட்டுக்குள் வந்து யாரும் அடிக்கவில்லை. இரு என்று சொல்லவும் உங்களிடம் ஆள் வரவில்லை, போ என்று சொல்லவும் வரவில்லை. நீங்கள் பாட்டுக்கு விடிந்ததும் வாரை மாட்டிக்கொண்டு வந்து எல்லைக் கல்லில் உட்கார்ந்தீர்கள். காக்கிச் சட்டை கிழிந்து, பிறகு வெறும் மேலில் வாரை மாட்டினீர்கள்.

"ராசாவே போயிட்டாரு. யாருக்குண்ணே காவலு?" என்று கேட்டேன்.

"நாளைக்கு எவனாச்சும் வந்து, காட்டை ஒப்படைடாம்பான். எண்ணி ஒப்படைக்கணும்ல?"

ஒரு மனிதன் காட்டை எண்ணி வைத்திருப்பான் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. பாறை மறைவில் இருக்கிற உசிலை எத்தனை, ஓடைக்கரையில் வெடத்தலை எத்தனை என்று விரல் மடக்காமல் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் என் தூக்குச்சட்டியிலிருந்து உங்களுக்குக் கம்பங்கூழ் ஊற்றினேன். நீங்கள் மடியிலிருந்து வெங்காயத்தை எடுத்துக் கல்லில் வைத்து நசுக்கினீர்கள். அதற்கப்புறம் நீங்கள் என் கம்பை ஒடிக்கவில்லை. என் ஆடுகளும் எல்லைக் கல்லைத் தாண்டவில்லை. தாண்ட நான் விடவில்லை.

புளிச்சானை ஆட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இலை இல்லாத கொடி. பச்சைப் பாம்புக்குட்டி மாதிரி முள்ளுப் புதருக்குள் சுற்றிக்கொண்டு கிடக்கும். சித்திரை வெயிலில் நாக்கு ஒட்டிக்கொண்டால், ஒரு கணுவை ஒடித்து மென்றால் போதும், வாயில் நீர் ஊறும், அடுத்த ஊரணி வரைக்கும் நடந்துவிடலாம். ஆளுக்கு ஒரு கணு, அதற்கு மேல் இல்லை. ஒடிக்கலாம், இழுக்கக் கூடாது. கணுவில் ஒடித்தால் அந்த இடத்தில் இரண்டாகக் கிளைக்கும். இழுத்தால் வேரோடு வந்துவிடும், அப்புறம் அந்தப் புதரில் புளிச்சான் கிடையாது. என் அப்பன் எனக்கு அடித்துச் சொன்ன ஒரே விஷயம் அதுதான்.

அதன் பூவை எனக்குக் காட்டியது நீங்கள். அத்தனை வருஷம் தண்டைத்தான் மென்றேன், பூவைக் குனிந்து பார்த்ததில்லை. ஐப்பசி மழை விட்டபின் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்தீர்கள். சுண்டுவிரல் நீளத்தில் பச்சையாக ஒரு சின்னக் கூஜா. மேலே ஊதாப் புள்ளி. வாயில் கூண்டு மாதிரி நாலைந்து கம்பி. ஒரு கொசுவளவு ஈ அதற்குள் போயிற்று. போனது வரவில்லை.

"நாளைக்கு வந்து பாரு. பூ தலை சாஞ்சிரும், ஈ வெளிய வந்துரும். உள்ள வச்சிருந்து விட்டுரும்டா, கொல்லாது. எத்தன பூவு உக்காந்து பாத்துட்டேங்கிற! அரண்மனை செயிலவிட ஞாயமான செயிலு."

மறுநாள் வந்து பார்த்தேன். நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது.

மழை பொய்த்த வருஷங்களில் கொடி குறைந்தது. ஜனம் விறகுக்குப் புதரை வேரோடு கல்லியது; புதர் போனால் புளிச்சானுக்கு நிழல் இல்லை. சுற்றி இருந்த ஊர்க்காடுகளில் அது இல்லாமல் போய்விட்டதைக் கொடும்பாளூர்ப் பக்கமிருந்து வந்த ஆட்டுக்காரர்கள்தான் சொன்னார்கள். நீங்கள் நம் காடு முழுக்க அலைந்து எண்ணிவிட்டு வந்து, "இருவத்திமூணு" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்கப்புறம் நான் என் கணுவையும் விட்டேன். தாகத்துக்குப் புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

இத்தனை மரம் இருக்க ஒரு முள்ளுக்கொடியை ஏன் இப்படிக் கட்டி அழுகிறீர்கள் என்று ஒருதடவை கேட்டேன். வாரைச் சரிசெய்துகொண்டே சொன்னீர்கள். "எம் பொஞ்சாதிக்கு மசக்கையில இதுதான் எறங்கும். தெனம் ஒரு கணு கொண்டுபோயிக் கொடுப்பேன். வேற எதைத் தின்னாலும் வாந்தி. பேறுகாலத்துல அவளும் போயிட்டா, புள்ளையும் போச்சு."

இன்னும் நாலைந்து வருஷம் கழித்துத்தான் காட்டுக்கு ஆள் வந்தது. எண்ணி வாங்க வரவில்லை, வெட்ட வந்தது. காட்டை மொத்தமாக வெட்டிக்கொள்ளக் கூப்புக் குத்தகை எடுத்தவர் ஒருவர். அவரை நாம் பார்த்ததேயில்லை. அவருடைய மேஸ்திரிதான் நாற்பது கோடாலியோடு வந்து கூடாரம் அடித்தான். மரத்தை வெட்டி, தூரைக் கல்லி, கரிமூட்டம் போட்டு, வெறும் தரையாக்கி முந்திரி நட வேண்டும். நீங்கள் வாரைத் துடைத்து மாட்டிக்கொண்டு அவனிடம் போனீர்கள். நான் பின்னால் நின்றேன்.

"மேஸ்திரி, வெட்டுறது வெட்டுறீங்க. அந்தப் பாறைக்கிட்ட ஒரு களத்தளவு எடத்த மட்டும் விட்டுருங்க. அங்கன ஒரு கொடி இருக்கு. வேற எங்கிட்டும் இல்ல."

"என்ன கொடி?"

"புளிச்சான் கொடிங்க."

"காய்க்குமா?"

"ஆட்டுக்காரங்க மெல்லுவாங்க."

மேஸ்திரி உங்கள் வில்லையைப் பார்த்தான். "பெரியவரே, அந்த அரண்மனையே போயிருச்சு. நீங்க இன்னமும் அதோட பித்தளையைத் தொங்கவிட்டுக்கிட்டு நிக்கிறீங்க. ஆட்டுக்காரன் மெல்றதுக்காக நான் மொதலாளிகிட்ட பேச்சு வாங்கவா? தள்ளுங்க அங்கிட்டு." கோடாலிக்காரர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. திரும்பி நடக்கும்போது உங்கள் கால் இடறியதை நான் பார்த்தேன்.

யோசனை சொன்னது நான். அதை இங்கே தெளிவாக எழுதச் சொல்கிறேன். நீங்கள் அல்ல, நான்.

"அண்ணே, மரம்னா வெட்டுவான். சாமின்னா வெட்டுவானா? மூணு கல்லை நட்டு, ஒரு மஞ்சத் துணியைச் சுத்தி விட்டுருவோம்."

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்லச் சொல்றியா?"

"பொய் என்ன பொய்? சாமி இல்லாத எடம் எது?"

"அதெல்லாம் உடுக்கை அடிக்கிறவன் பேசுற பேச்சு, ஆட்டுக்காரன் பேச்சில்ல." கொஞ்சம் நடந்துவிட்டு மறுபடி சொன்னீர்கள். "கோடாலிக்காரன் ஒருதடவதான்டா வெட்டுவான். சாமின்னு வந்துட்டா சனம் விடாது."

அந்த வார்த்தையை அன்றைக்கு நான் காதில் வாங்கவில்லை. கரிமூட்டப் புகை பாறையை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் விடிந்ததும் நீங்களே உங்கள் தலைத்துண்டை மஞ்சள் கரைத்த தண்ணீரில் முக்கி, பிழிந்து, எடுத்துக்கொண்டு வந்தீர்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம் நீட்டினீர்கள். கல்லை நட்டதும் நான். துணியைச் சுற்றியதும் நான். ஐயனார் கோயில் பக்கம் உடைந்து கிடந்த மண்குதிரைத் தலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்ததும் நான்தான்.

மேஸ்திரி வந்தான். கோடாலிகள் நின்றன. வெட்ட வந்தவர்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டார்கள்.

"இது எப்ப வந்துச்சு?" என்றான் மேஸ்திரி.

"வந்துச்சா? எங்க பாட்டன் காலத்துச் சாமிங்க. பொதருக்குள்ள இருந்துச்சு, நீங்க சுத்தி வெட்டவும் வெளிய தெரியுது."

"என்ன சாமி?"

என் வாயில் வந்ததைச் சொன்னேன். "கொடியாத்தா."

அவன் உங்களைப் பார்த்தான். "காவக்காரரே, நெசமா?" நீங்கள் பொய் சொல்லாத ஆள் என்பது ஒரு வாரத்தில் அவனுக்கே தெரிந்திருந்தது. நீங்கள் அந்த மூன்று கல்லையும் பார்த்தீர்கள், முள்ளுக்குள் கிடந்த கொடியையும் பார்த்தீர்கள். "இருக்கு" என்று ஒரே சொல். அவன் தேங்காய் வாங்கிவரச் சொல்லி உடைத்தான், கன்னத்தில் போட்டுக்கொண்டான், கயிறு கட்டி ஒரு களத்தளவு இடத்தை ஒதுக்கிவிட்டான்.

இருபத்துமூன்றில் ஏழு கொடி அந்தக் களத்துக்குள் தப்பியது. மற்றதெல்லாம் கரியோடு போயிற்று. வெட்டு முடிந்து பார்த்தால், கண்ணுக்கு எட்டிய மட்டும் சிவப்புத் தரை, நடுவில் ஒரு தலைமுடிச் சுருள் மாதிரி நம் புதர். நான் சந்தோஷத்தில் உங்கள் முதுகில் தட்டினேன். நீங்கள், "பொய் சொன்ன வாய்டா, தண்ணி கொடு" என்று மட்டும் சொன்னீர்கள்.

ஆறு மாதம் தாங்கியது. முந்திரிக்குக் குழி வெட்ட வந்தவர்களில் ஒருத்தி. கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை இல்லாதவள். தாகத்துக்கோ வேண்டுதலுக்கோ, கொடியில் ஒரு கணுவை மென்றிருக்கிறாள். அடுத்த மாசம் அவள் முழுகாமல் இருந்தாள். அவ்வளவு போதாதா? வெள்ளிக்கிழமை நாலு பெண்கள் வந்தார்கள். அடுத்த வெள்ளி நாற்பது பேர். அன்னவாசலிலிருந்து வண்டி கட்டி வந்தார்கள், விராலிமலைப் பக்கமிருந்து நடந்து வந்தார்கள். பொங்கல் வைத்தார்கள், முடி இறக்கினார்கள், தொட்டில் கட்டினார்கள். திருநீறு வேண்டாம், குங்குமம் வேண்டாம். எல்லோருக்கும் வேண்டியது ஒரு கணு.

உங்களைப் பூசாரி ஆக்கியது அந்த ஜனம். வாரும் வில்லையுமாகப் புதர் வாசலில் நின்ற ஆளை வேறு யாராக நினைப்பார்கள்? முதல் வெள்ளிக்கிழமை ஒரு பெண் மடியை ஏந்தி உங்கள் முன்னால் நின்றாள். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

கூட்டம் கலைந்தபின் என்னிடம் சொன்னீர்கள். "இதத் தெனம் தின்ன ஒருத்திய நான் ரெண்டு உசுராக் குழியில எறக்குனவன். இதத் தின்னா புள்ள தங்கும்னு எங்கையாலயே கொடுக்க வச்சுட்டியே, ஆட்டுக்காரா."

"உண்மையச் சொல்லிருவமா?"

"சொன்னா நாளைக்கே வெட்டுவான். சொல்லலன்னா இவளுக தின்னே தீத்துருவாளுக. நீ சொல்லு, என்ன செய்யலாம்?"

நீங்கள் ஆட்டுக்காரர் சட்டத்தையே சாமியின் சட்டமாக்கினீர்கள்: ஆளுக்கு ஒரு கணு, கொடுப்பது காவல்காரன் கை, எடுப்பது யாரும் கூடாது. ஏழு கொடி எத்தனை வெள்ளிக்கிழமை தாங்கும்? நீங்கள் சோறு தின்னப் போன நேரம் பார்த்துப் பிடுங்கினார்கள். கணுவை விட வேருக்குத்தான் சக்தி, வேரோடு மென்றால்தான் கரு தங்கும் என்று எவளோ ஒருத்தி அருள் வந்து சொன்னாளாம். அதற்கப்புறம் ஒடிப்பது நின்று இழுப்பது வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொட்டியில் நட்டவர்களும் உண்டு. எருப் போட்டுத் தண்ணீர் ஊற்றி அழுக வைத்தார்கள்.

மூன்றாவது வருஷம் கல்லைச் சுற்றி ஒரு கொடிகூட இல்லை. அன்றைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு பாறைக்கு வடக்கே போனீர்கள். வெடிப்புக்குள் ஒரு சூரைப் புதர். அதன் மேல் வெட்டிப் போட்ட முள்ளை விலக்கிக் காட்டினீர்கள். உள்ளே ஒரு கொடி; வெட்டுக்குப் பிறகு விதை பறந்துபோய் அங்கே முளைத்தது. ஆட்டுக் கொம்பு மாதிரி இரட்டையாக நீண்ட பச்சைக் காய் அதில் தொங்கியது.

"ஒன்னத் தவுர யாருக்கும் தெரியாது. ரெண்டு மாசம் பொறு. காய் வெடிச்சுப் பஞ்சு பறந்துருச்சுன்னா, சாமியாவது பூதமாவது, அதுபாட்டுக்கு எங்கிட்டாவது போயிப் பொழச்சுக்கிரும்."

அந்த இரண்டு மாதத்துக்குள்தான், அண்ணே, என் மகள் தகரப்பெட்டியோடு வீட்டுக்கு வந்தாள். கல்யாணமாகி ஐந்து வருஷம். மாமியார் வீட்டில் ஆடி வரைக்கும் பார்ப்பார்களாம். அதற்குள் ஒன்றும் இல்லையென்றால் மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்ப்பார்களாம். அவள் அழவில்லை. வந்த அன்றே ஆட்டுக்கிடையைக் கூட்டினாள்.

என் பெண்சாதி அழுதாள். "ஊரு ஒலகமெல்லாம் கொடியாத்தாகிட்ட வாங்கிட்டுப் போச்சு. நீ கல்லு நட்ட சாமி, ஒம் மகளுக்குக் கொடுக்காதா?" என்று கேட்டாள். "அது சாமி இல்ல புள்ள, நாந்தான் சும்மா..." என்று ஆரம்பித்தேன். "சும்மாவா எட்டு வருஷம் இல்லாதவளுக்குப் பொறந்துச்சு? அந்தக் காவக்காரருகிட்ட ஒண்ணு கேட்டு வாங்காம மகளை வாழாவெட்டியாக்கப் போறியா?" என்று மடக்கினாள். நாலு நாள் அவள் எனக்குச் சோறு போடவில்லை. ஐந்தாம் நாள் எனக்கே ஒரு எண்ணம் வந்தது: ஒருவேளை இருக்குமோ? நாம் பொய் என்று நினைத்து நட்ட கல்லில், நமக்குத் தெரியாமல் ஆத்தா வந்து உட்கார்ந்திருந்தால்?

நான் நட்ட கல், அண்ணே. நான் சுற்றிய துணி. என் வாயில் வந்த பெயர். அதை நானே நம்பினேன்.

உச்சி வெயிலில் போனேன். நீங்கள் கல்லுப் பக்கம் உட்கார்ந்து தூங்கி வழிந்துகொண்டிருந்தீர்கள். நான் பாறையைச் சுற்றி வடக்கே போய் முள்ளை விலக்கினேன். ஒரு கணுதான் ஒடிக்கப் போனேன், இழுத்ததில் கை தவறி வந்துவிட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு இல்லை. வேரோடு மென்றால்தான் தங்கும் என்று சொன்னார்களே, அதனால் வேரோடுதான் இழுத்தேன். இரண்டு கையாலும் இழுத்தேன். என் அப்பன் அடித்துச் சொன்னது ஞாபகம் இருக்கும்போதே இழுத்தேன்.

வழியில் காயைப் பிளந்து பார்த்தேன். விதை முற்றவில்லை; உள்ளே வெள்ளையாக, ஈரமாக, நூல்நூலாக இருந்தது. ஆட்டுக்குப் போட்டுவிட்டேன். தின்றுவிட்டது. கொடியை வேரோடு என் பெண்சாதி கையில் கொடுத்தேன்.

இந்த இடத்தில் என் மகள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"கடைசியா இருந்தது அதுதானா?" என்று கேட்டாள்.

"அதுதான்."

"கோயில்ல கொடுத்தாங்கன்னுதான் அம்மா சொல்லிக் கொடுத்துச்சு."

"ம்."

பேனாவைத் திறந்தாள். "புளிச்சுச்சுப்பா. அவ்வளவுதான்" என்றாள். பிறகு, "இதையும் எழுதவா?" என்று கேட்டாள். எழுது என்றேன். எழுதியிருக்கிறாள்.

அவள் புருஷன் ஆவணியிலேயே வேறு கல்யாணம் செய்துகொண்டான். அது உங்களுக்குத் தெரியாது. அதற்கு முன்பே நீங்கள் போய்விட்டீர்கள்.

நான் கொடியை இழுத்ததற்கு மறுநாள் நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். என் வீட்டுக்கு நீங்கள் வந்தது அந்த ஒரே தடவை. ஆட்டுக்கிடை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தீர்கள். என் மகள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளை நிமிர்ந்து பார்த்தீர்கள். "எப்பத்தா வந்தே?" என்று கேட்டீர்கள். "வந்து பத்து நாளாச்சு மாமா" என்றாள். நீங்கள் அவள் கழுத்தைப் பார்த்தீர்கள், காலைப் பார்த்தீர்கள், மூலையில் இருந்த தகரப்பெட்டியைப் பார்த்தீர்கள். தண்ணீரைக் குடித்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

அவள் உள்ளே போனபின் சொன்னீர்கள். "ஆட்டுக்காரா, நம்ம கொடிய எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்."

எவனோ. அந்த இடம் தெரிந்தது உங்களுக்கும் எனக்கும் மட்டும். நீங்கள் எடுக்கவில்லை. இருந்தும் "எவனோ" என்றீர்கள். நான், "அடப் பாவிகளா" என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு குட்டியின் காதைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள்.

எழுந்து நின்று வாரிலிருந்து வில்லையைக் கழற்றினீர்கள். "இத நீ வச்சிரு. எவனாச்சும் வந்து ஒப்படைன்னு கேட்டா, ஒண்ணுமில்லன்னு சொல்லிக் கொடுத்துரு." என் கையில் வைத்துவிட்டு நடந்தீர்கள். வெறும் வாரோடு நீங்கள் போவதைக் கிடையிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலேயே வந்து சொல்லியிருக்கலாம். நாலு எட்டு தூரம்தான்.

வைகாசியில் உங்களுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு உங்கள் தங்கை வீட்டுக்கு வந்தேன். கயிற்றுக் கட்டிலில் கிடந்தீர்கள். மீசையை யாரோ வழித்துவிட்டிருந்தார்கள். முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. "மழை பேஞ்சுச்சா?" என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். "பேஞ்சா வடக்குப் பக்கம் போயிப் பாரு. வேரு துண்டு ஏதாச்சும் உள்ள நின்னிருக்கும்" என்றீர்கள். எதுவும் நிற்கவில்லை என்று எனக்குத் தெரியும். முழுதாக வந்தது என் கையில்தானே. வாயைத் திறந்தேன். உங்கள் தங்கை கஞ்சி கொண்டுவந்தார். வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் சொல்லி அனுப்பினார்கள்.

இப்போது அங்கே முந்திரி பெரிய மரமாகிவிட்டது. கொடியாத்தாள் இருக்கிறாள். மூன்று கல்லுக்கும் மேலே சிமெண்டில் ஒரு அறை கட்டிவிட்டார்கள், சுற்றியிருந்த புதரை வெட்டித் தரை போட்டுவிட்டார்கள். என் மண்குதிரைத் தலைக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள். புதுப் பூசாரி ஒருவர்; நல்ல மனிதர். வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வருகிறார்கள், மடியேந்துகிறார்கள். கணுவுக்குப் பதில் எலுமிச்சம்பழம் கொடுக்கிறார். அதுவும் புளிப்புத்தானே என்று யாருக்கோ தோன்றியிருக்கும். ஆத்தாளுக்கு ஏன் அந்தப் பெயர் என்று போன மாதம் அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "பூர்வீகப் பேருங்க, பெரியவரே. காரணம் யாருக்குத் தெரியும்?" என்றார். நான் எலுமிச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் வில்லையை இனிமேல் கூரையில் செருக மாட்டேன். இதை முடித்ததும் இடுப்பில் முடிந்துகொள்ளப் போகிறேன். ஒப்படைக்கச் சொல்லி இதுவரை எவனும் வரவில்லை. வந்தால், ஒன்றுமில்லை என்று சொல்லச் சொன்னீர்கள். ஒன்றுமில்லாமல் ஆக்கியவன் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லி ஒப்படைப்பேன்.

ஆடு இப்போது ஆறுதான். அவற்றை ஓட்டிக்கொண்டு மழைக்கு அப்புறம் பாறைப் பக்கம், ஓடைப் பக்கம், எல்லைக் கல்லுக்கு அங்கிட்டு எல்லாம் போகிறேன். எங்கே ஒரு சூரைப் புதரைக் கண்டாலும் கம்பை ஊன்றிக் குனிந்து உள்ளே பார்க்கிறேன். கிழவன் குட்டியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறான் என்று முந்திரி பொறுக்குகிறவர்கள் சிரிக்கிறார்கள். "கெடச்சுச்சா தாத்தா?" என்று கேட்கிறார்கள்.

நேற்றுக் காலை, கூரை மேய ஆள் வருவதற்கு முன்னாலும் போயிருந்தேன், அண்ணே. நாலு புதர் குனிந்து பார்த்தேன். முள்தான் இருந்தது.